ரங்கூன் கல்யாணங்களும் 120 ஜிபி கேமராவும்

டேப் காலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு இருந்த பெரிய கவலை, தாலி கட்டும் நேரத்தில் டேப் தீர்ந்துவிடக் கூடாது என்பதுதான். மினி டிவி டேப் ஒன்று 60 நிமிடம் ஓடும். முகூர்த்தம் நெருங்கினால் பாதி ஓடிய டேப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுக்கொள்வோம். குருக்கள் திடீரென்று மந்திரத்தை வேகப்படுத்தினால் வயிறு கலங்கும். ஹார்டு டிஸ்க் வைத்த எச்டி கேமரா கைக்கு வந்ததும் அந்தக் கவலை ஒரேயடியாகப் போய்விட்டது. அது போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. எடுத்ததை எங்கே வைப்பது, எத்தனை வருடம் வைப்பது, யார் பொறுப்பு?

2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையை அறிவித்தார்கள். அதே ஆண்டு சோனி எச்டிஆர்-எஸ்ஆர்1 வந்தது, உள்ளே 30 ஜிபி டிஸ்க். அடுத்த ஆண்டு ஜேவிசியின் எவெரியோ வரிசையில் 60 ஜிபி. 2008இல் 120 ஜிபி வரை வந்துவிட்டது. ரங்கூனில் இதெல்லாம் நினைத்தபோது கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. என்னுடையது, கப்பலில் வேலை பார்த்த மச்சான் ஜப்பானில் வாங்கி வந்தது. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து, ஆங்கிலத்துக்கு மாற்ற வழியே கிடையாது. எந்த வரியில் எது இருக்கிறது என்று இடத்தை வைத்துத்தான் பழகினேன். இன்றைக்கும் அந்த மெனுவில் என் விரல் தானாகப் போகும்.

ஜப்பான் கேமரா என்பதில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. பர்மா டிவியும் ஜப்பானைப் போல என்டிஎஸ்சி முறைதான், அதனால் டிவிடி போட்டுக் கொடுக்கும்போது மாற்றுகிற வேலை இல்லை. தொல்லை கரண்டில் இருந்தது. இங்கே 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கேமராவோ நொடிக்கு 60 தடவை பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் படம் முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும். ஷட்டரை நொடியில் 100இல் ஒரு பங்காக வைத்தால் துடிப்பு நின்றுவிடும். ஜப்பானிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ்தான், அங்கேயும் இதே மருந்துதான். படம் கொஞ்சம் இருட்டும், பரவாயில்லை.

அப்புறம் அந்த டிஸ்க். 1.8 அங்குலத் தகடு, கேமரா ஓடுகிற நேரமெல்லாம் சுழன்றுகொண்டே இருக்கும். எழுதுகிற முனை அந்தத் தகட்டைத் தொடாது, நடுவில் இருக்கிற மெல்லிய காற்றின் மேல் மிதந்தபடி எழுதும். அதனால்தான் மிக உயரமான மலைகளில் பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், அங்கே காற்று போதாது. ரங்கூன் கடல்மட்டத்து ஊர், எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. எங்களைப் பயமுறுத்தியது மேளமும் ஸ்பீக்கரும்.

பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். பூக்குழி இறங்கும் நேரத்தில் அந்தக் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு வருடம் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். உறுமி உச்சத்துக்குப் போகிறது, முதல் ஆள் மஞ்சள் வேட்டியோடு குழி ஓரத்தில் வந்து நிற்கிறார். கூட வந்த பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, சிவப்பு லைட் அணைஞ்சிருச்சு!" திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒரு வரி. பதிவு நின்றுபோயிருந்தது. பேட்டரி இருக்கிறது, டிஸ்க்கில் இடமும் இருக்கிறது. அந்த ஓசையின் அதிர்வில் முனையால் எழுத முடியவில்லை, அவ்வளவுதான். "வாடா இந்தப் பக்கம்" என்று பையனையும் இழுத்துக்கொண்டு ஸ்பீக்கரை விட்டு விலகி, கூட்டத்துக்குள் புகுந்து எதிர் மூலைக்குப் போனதும் கேமரா ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதிலிருந்து திருவிழா என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு மெமரி கார்டில்தான் எடுப்பேன், நல்லவேளையாக அதற்கும் ஒரு இடம் என் கேமராவில் இருந்தது. கார்டில் சுழல்கிற பாகம் எதுவும் இல்லை. விலை அதிகம், கொள்ளளவு குறைவு, ஆனால் உறுமிக்கு அசையாது.

விழுவதை உணர்கிற ஒரு சென்சாரும் உள்ளே உண்டு. கை தவறினால் தரையைத் தொடுவதற்குள் முனையை ஒதுக்கி டிஸ்க்கைக் காப்பாற்றும். அருமையான ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அதையும் விழுவதாக எடுத்துக்கொண்டு பதிவை நிறுத்திவிடும். அதனால் ஊர்வலத்தில் ஓடுவதை விட்டேன். முன்னாலேயே போய் நின்று அவர்கள் என்னைத் தாண்டிப் போகிறதை எடுப்பேன். அப்படி எடுத்த காட்சிகள்தான் பார்க்கவும் நன்றாக இருந்தன.

படத்தின் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். டேப் படத்தில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு, 720க்கு 480 புள்ளி. எச்டியில் 1920க்கு 1080, சரியாக 6 மடங்கு. எங்கள் கல்யாணங்களுக்குப் பர்மாக்காரச் சினேகிதிகள் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு வருவார்கள். பழைய கேமராவில் அது கன்னத்தில் ஒரு மஞ்சள் திட்டு. இதில், அரைத்த கட்டையின் கோடுகள், காய்ந்து வெடித்த ஓரம், காதருகே விரல் இழுத்த தடம் வரை தெரிந்தது. மணமகளின் பாட்டி திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, "என்னை ரொம்பக் கிட்ட எடுக்காதேப்பா, சுருக்கமெல்லாம் தெரியுது" என்றார். நான் கேட்கவில்லை. கிட்டத்தான் எடுத்தேன்.

அந்த 6 மடங்கு படத்தை டேப் எழுதிய ஏறக்குறைய அதே அளவு தரவுக்குள், நொடிக்கு 24 மெகாபிட்டுக்குள், அடக்க வேண்டும். அதற்காக ஏவிசிஎச்டி ஒவ்வொரு சட்டத்தையும் முழுசாக எழுதாது. முன்னால் இருக்கிற சட்டத்திலிருந்து, பின்னால் வருகிற சட்டத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதும். இடம் மிச்சம், ஆனால் எடிட் செய்யும்போது ஒரு சட்டத்தைக் காட்டக் கம்ப்யூட்டர் அக்கம்பக்கத்தையெல்லாம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய கம்ப்யூட்டர்கள் திணறின. ராத்திரி எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடிட் பண்ண உட்காருவோம்.

120 ஜிபிக்கு உயர்ந்த தரத்தில் சுமார் 11 மணி நேரம் ஓடும். நலங்கிலிருந்து வரவேற்பு வரை ஒரு கல்யாணம் முழுசாக அடங்கிவிடும். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் டிஸ்க் காலியாக வேண்டும். இங்கேதான் டேப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். டேப் என்றால் எடுத்ததும் பேர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவோம், அது பாட்டுக்கு இருக்கும். டிஸ்க்கிலிருந்து நாமே வெளியே எடுத்து, நாமே சரிபார்த்து, பிறகு நம் கையாலேயே அழிக்க வேண்டும். அழிக்கிற அந்தப் பொத்தானை நான் ஒருநாளும் சாதாரணமாக அழுத்தியதில்லை.

ரங்கூன் கரண்ட் இதற்கு ஒத்துழைக்காது. கேமராவை அடாப்டரில் சொருகினால்தான் கம்ப்யூட்டரோடு பேசும், பேட்டரியில் பேசாது. காப்பி பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து. சித்திரை வெயிலில் கரண்ட் வருவதே பெரிசு. கடைசியில் லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி, கேமராவுக்கென்றே தனியாக வைத்தேன். இன்னொன்று, நீளமான காட்சியைக் கேமரா 2 ஜிபி ஆனதும் துண்டாக்கி அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். உயர்ந்த தரத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு துண்டு. கோப்புகளைப் பொறுக்கி எடுத்து நம் இஷ்டத்துக்கு ஒட்டினால் ஒட்டும் இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்துபோகும், அது சரியாகக் கெட்டிமேளத்தில் வந்து விழும். ஏவிசிஎச்டி ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுத்து, அதற்குரிய மென்பொருளில் சேர்த்தால் தையல் தெரியாது. வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இவ்வளவு பாடுபட்டாலும் வீட்டுக்காரர் கைக்குப் போனது டிவிடிதான். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருந்தது டிவிடி பிளேயர். எச்டியில் எடுத்ததைச் சுருக்கிப் பழைய 720க்கு 480இல் கொடுத்தோம். அப்படியானால் அசலை எதற்கு வைத்திருக்கிறாய், அழித்துவிட்டு டிஸ்க்கை மிச்சப்படுத்து என்று தொழிலில் இருந்தவர்களே சொன்னார்கள். நான் கல்யாணத்துக்கு இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை ஸ்டுடியோவிலும் ஒன்றை அக்கா வீட்டிலும் வைத்தேன். தீ, வெள்ளம் எது வந்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகக் கூடாது. 2008இல் நர்கிஸ் புயல் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் யாரும் இதை அதிகப்படி என்று சொல்லமாட்டார்கள்.

பர்மாவின் மோல்மேன் ஊரில் ஒரு குடும்பம். 1964இல் பர்மாவை விட்டுக் கப்பலேறியவர்களில் இவர்களின் பாதிப் பேரும் உண்டு, அவர்கள் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. இங்கே நடந்த கல்யாணத்துக்கு அங்கிருந்து யாரும் வர முடியவில்லை, அதனால் டிவிடி போனது. சில வருடம் கழித்து அங்கே தம்பி காலமானார். அண்ணனின் முகம் இருக்கும் அந்தக் கல்யாணத்தைத் திரும்பப் பார்க்கத் தம்பி பிள்ளைகள் டிவிடியை எடுத்தால் படிக்கவில்லை. மோல்மேன் மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே இருந்த பிரதியும் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அண்ணன்காரரான பெரியவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, உன்கிட்ட ஏதாவது இருக்கா?" அக்கா வீட்டு டிஸ்க்கில் எல்லாம் இருந்தது, எச்டியில். டிவிடியில் நான் வெட்டிவிட்ட பகுதியும் இருந்தது. பெரியவர் பந்தியில் இலை இலையாகக் குனிந்து "போதுமா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டே போகிறார். கல்யாணத்தன்று யாரும் அதைக் காட்சியாகவே நினைத்திருக்கமாட்டார்கள். அந்தப் படம் அங்கே போன பிறகு பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அதைத்தானாம்.

ஹார்டு டிஸ்க் கேமரா அதிக காலம் நிற்கவில்லை. மெமரி கார்டு விலை இறங்கியதும் கம்பெனிகள் அதைக் கைவிட்டன. இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது, என் கேமராவை விடத் தெளிவாக எடுக்கிறது. ஆனால் அதன் நினைவகம் நிறைந்ததும் அழிக்கிறவர்கள்தான் அதிகம். அதனால் இப்போது என் பில்லில் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கட்டணம் இருக்கிறது, 10 வருடம் இரண்டு காப்பி. "காப்பி போட்டு வைக்க எதுக்குப்பா தனிக் காசு?" என்று கேட்பார்கள். மோல்மேன் கதையைச் சொல்வேன், முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அசல் கோப்பு முழுவதையும் ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.