பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்

"சர்க்கரை போட வேண்டாம் தம்பி, எனக்கு சுகர்" என்று சொல்லித்தான் அந்தப் பெரியவர் சாத்துக்குடி ஜூஸ் கேட்டார். இன்று மாலை, பேருந்து நிலையக் கடையில்.

பையன் மூன்று பழங்களைப் பிழிந்தான். டம்ளர் நிறைந்தது. வெள்ளை நாரும் சுளைத் தோலும் சக்கையுமாக மீதி எல்லாம் காலடியில் இருந்த வாளிக்குப் போனது.

அவருக்கு வேண்டியது அந்த வாளியில்தான் கிடந்தது.

நார்ச்சத்தோடு சாப்பிட்டால் பழத்தின் இனிப்பு ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும். சாறாகக் குடித்தால் மூன்று பழங்களின் சர்க்கரையும் ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது. கடித்துத் தின்றால் ஒன்றிலேயே வயிறு நிறைந்திருக்கும்.

நீரிழிவு என்று தெரிந்ததும் பழத்தையே வீட்டுக்குள் விடாதவர்களைப் பார்க்கிறேன். மனம் கஷ்டப்படுகிறது. தட்டு நிறையச் சோறு அப்படியே தொடர்கிறது, ஒரு கொய்யாவுக்குத்தான் தடை. 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது!

மாம்பழமும் விஷமல்ல. வயிறாரச் சோறு சாப்பிட்ட கையோடு முழுப் பழத்தையும் தின்பதுதான் சிக்கல். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே ஓரிரு கீற்று போதும். வாழைப்பழம் என்றால் சிறியதாக, அதிகம் கனியாததாக எடுங்கள். கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும்.

சிறுநீரகக் கோளாறும் இருப்பவர்கள் பழத்தில் உள்ள பொட்டாசியம் என்ற தாதுச்சத்தைக் கருதி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள், பழம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று அதுவே காட்டிவிடும்.