ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை

8 செப்டம்பர் 2025, திங்கள்

மேல்மாடிப் பாட்டி சொல்லிவிட்டார். தீபாவளி வரைக்கும்தான்.

9 செப்டம்பர்

"மவன் கிள்ளானுக்கே வந்துருன்னு கூப்புடுறான்மா. முட்டி முடியல. நாலு மாடி ஏறி எறங்க இனிமே ஆவாது."

சரிங்க பாட்டி என்றேன். வேறு என்ன சொல்வது? மாதத்தில் பாதி நாள் லிஃப்ட் நின்றுபோகிற பிளாட்டில் அவரை இருக்கச் சொல்ல நான் யார்.

பள்ளி ஒரு மணிக்கு விடுகிறது. நான் வேலை முடிந்து கோலாலம்பூரின் செந்தூலுக்கு வந்து சேர ஆறு, மழை பெய்தால் ஆறரை. அந்த ஐந்து மணி நேரம் இத்தனை நாளும் பாட்டியின் கையில் இருந்தது. பள்ளிக் கேட்டுக்கு எதிரே, சாக்கடை மூடியின்மேல், குடையோடு நிற்பார். கையில் டிஷ்யூவில் சுற்றிய அவித்த முட்டை. பாப்பா வந்ததும் முதலில் முட்டை கைமாறும், அப்புறம்தான் பை. மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். அதில் 20 வெள்ளியைப் பாப்பாவின் உண்டியலில் போட்டுவிடுவார், எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு.

10 செப்டம்பர்

தூக்கமே இல்லை.

11 செப்டம்பர்

பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ட்ரான்சிட் இரண்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்று 380, சாப்பாடு தனி. இன்னொன்று 420, சாப்பாட்டோடு, ஆனால் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 5 வெள்ளி. கடைவீட்டின் இரண்டாவது மாடி. சன்னல் இல்லாத அறையில் பதினேழு பிள்ளைகள் (எண்ணினேன்), ஒரு டிவி. பார்த்துக்கொள்கிற பெண் நல்ல பெண்தான், சிரித்த முகம், இருபது வயதுகூட இருக்காது. பாப்பா என் சட்டை நுனியைப் பிடித்தவள் விடவே இல்லை.

அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் தோன்றியது. ஊரையே மாற்றினால் என்ன?

12 செப்டம்பர்

தம்பி ஜொகூர் பாருவிலிருந்து போன் செய்தான். "அக்கா, ஜேபிக்கு வந்திரு. அந்தப் பக்கம் ஒரு டாலர் சம்பாதிச்சா இங்க மூணு வெள்ளிக்கு மேல. நீ ஆபீஸ் கிராணி வேலைய விட்டுட்டு வா." அவன் காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பி சிங்கப்பூர்ப் பாலம் தாண்டுகிறான். மொத்தம் ஒரு கிலோமீட்டர் பாலம், சில நாள் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. வீடு திரும்ப இரவு எட்டு.

"புள்ளைய யாருடா பாக்குறது?"

"ஆயா வச்சுக்கலாம்கா."

அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. விடு.

14 செப்டம்பர், பட்டர்வொர்த்

பள்ளி விடுமுறை என்பதால் கேஎல் சென்ட்ரலில் இருந்து இடிஎஸ் ரயில் பிடித்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சின்னம்மா ஊருக்கு வந்துவிட்டோம். நாலு மணி நேரம். ஈப்போவரை பாப்பா தூங்கினாள், தைப்பிங் தாண்டியதிலிருந்து ஒரே கேள்வி: பினாங்கில் எல்ஆர்டி இருக்கா? அவளுக்கு ஊர் என்றாலே எல்ஆர்டிதான். கடைசி ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருக்கிறோம் இல்லையா, எல்லா ரயிலும் தன் வீட்டுக்குத்தான் வருகிறது என்று எண்ணம். இந்த வருடம் ஜனவரியில்தான் வேலை தொடங்கியிருக்கிறார்கள், 2031-ல் ஓடுமாம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அப்போ எனக்கு 13."

சின்னம்மா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். "பசியாறுனியா?" என்றுதான் முதலில் கேட்டார். அழுகை வந்துவிட்டது, இந்த ஒரு வார்த்தைக்கு.

15 செப்டம்பர், பட்டர்வொர்த்

காலையில் பெர்ரியில் தீவுக்குப் போனோம். இப்போதைய பெர்ரியில் கார் ஏறுவதில்லை, ஆளும் மோட்டாரும்தான். நான் சின்னப் பிள்ளையாக வந்தபோது அப்பாவின் காருக்குள் உட்கார்ந்தபடியே கடலைத் தாண்டினோம். பாப்பாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, பஸ் பிடித்து ஸ்காட்லாண்ட் சாலைப் பக்கம் தமிழ்ப்பள்ளியை வெளியில் நின்று பார்த்தோம். 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு என்று எங்கள் ஆசிரியை வருடாவருடம் சொல்வார், பரீட்சையிலும் வரும். இன்று பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளி, கோலாலம்பூரில் 15. நானும் வாடகை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கணக்குக் கிராணி அல்லவா. இந்த 28 கேட்டில் எந்தக் கேட்டுக்கு எதிரே யார் நிற்பார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வாடகை என்னவோ மலிவுதான். சின்னம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மூன்று அறை வீடு 750. செந்தூலில் இரண்டு அறைக்கு 1,100 கட்டுகிறேன். பிறையில் தொழிற்சாலைகள் இருக்கின்றன, கணக்கு வேலை கிடைக்காமல் போகாது. சம்பளம் ஐந்நூறாவது குறையும்.

"நீ வந்திரு. புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?" என்கிறார் சின்னம்மா. அவரே ஒரு கேன்டீனில் மூன்று மணிவரை வேலை செய்கிறார். ஒன்றிலிருந்து மூன்று வரை? "சித்தப்பா இருக்காருல்ல." சித்தப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

16 செப்டம்பர், ரயிலில்

நேற்று இரவு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று ஈப்போவரை யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டம்மா சின்னம்மாவிடம் கேட்கிறார்: "என்ன, வாழாவெட்டியா வந்துட்டாளா?" இருபது வருடமாகக் காதில் விழாத வார்த்தை. இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. சின்னம்மா சொன்ன பதில்தான். "சேச்சே, லீவுக்கு வந்திருக்கா. மாப்பிள்ளைக்கு வேல ஜாஸ்தி."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தெரியும். ஆனால் நான் அங்கே குடிபோனால் எத்தனை வருடம் லீவில் இருப்பேன்? பாப்பாவும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டுமா? பள்ளியில் அப்பா எங்கே என்று கேட்டால் வேலை ஜாஸ்தி என்பாளா?

கிளம்பும்போது சின்னம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கும், "ஒரு நல்ல இடம் இருக்கு, மனைவி தவறிட்டாங்க, ரெண்டு பையன்" என்ற செய்தியும் கொடுத்தனுப்பினார். முறுக்கு கம்பார் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

18 செப்டம்பர்

வாஷிங் மெஷின் மூடியை ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறேன். 18 மாதத் தவணை, கடைசி ஆறு மாதம் நான் தனியாகக் கட்டியது.

22 செப்டம்பர்

ஓர் உதவித் திட்டப் பாரம். "இபு துங்கால்" என்ற கட்டத்தில் டிக். வானொலியிலும் பத்திரிகையிலும் இதற்குத் தமிழ் "தனித்து வாழும் தாய்". தனித்தா? காலை ஐந்தரை முதல் இரவு பத்துவரை ஒருத்தி என் இடுப்பில் தொங்காத குறை. கழிவறைக் கதவைக்கூடத் தட்டுகிறாள். தனிமை கிடைத்தால் யாராவது தகவல் சொல்லுங்கள்.

25 செப்டம்பர்

வக்கீலம்மாவைப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு 150 வெள்ளி, அதனால் கேள்விகளை எழுதி எடுத்துப் போனேன்.

பினாங்கு என்றால் நீதிமன்ற உத்தரவில் இருக்கும் சந்திப்பு ஏற்பாட்டை மாற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி காலை பத்து முதல் ஞாயிறு மாலை ஆறு வரை பாப்பாவின் அப்பாவிடம். நாலு மணி நேர ரயில் தூரத்தில் அது எப்படி நடக்கும்? அவர் எழுத்துமூலம் சம்மதித்தால் சுலபம். எதிர்த்தால் மறுபடி வழக்கு. வழக்கு திறந்தால் சந்திப்பு மட்டும்தான் பேசப்படும் என்று சொல்ல முடியாது, பிள்ளை யாரிடம் என்பதையும் அவர் கிளப்பலாம்.

அப்போதுதான் வக்கீலம்மா அந்த ஏழு வயதைச் சொன்னார். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 88-ஆவது பிரிவு. ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால் தாயிடம் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதையும் மறுத்து வாதாடலாம். ஏழு தாண்டினால் அந்த முன்முடிவு கிடையாது. பிள்ளைக்குச் சொந்தமாக யோசித்துச் சொல்லும் வயது என்றால் அவள் விருப்பத்தையும் கேட்பார்கள்.

பாப்பாவுக்கு நவம்பர் 18-ல் ஏழு.

"பயப்படாதீங்க, ஏழாச்சுன்னு மறுநாளே யாரும் புடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறதாம்: பொறுப்பு கைமாறி பிள்ளையின் வாழ்க்கை குலைவது நல்லதல்ல என்பதை நீதிமன்றம் மனதில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளி மாற்றினால், ஊர் மாற்றினால், முட்டை கொடுக்கும் கை மாறினால், அது எந்தப் பிரிவு?

26 செப்டம்பர்

53 நாள்.

3 அக்டோபர்

பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று ஏஜெண்டுகளுக்கு போன் போட்டேன். முதல் ஆள்: "இந்தியரா? வீட்டுக்காரர் வேண்டாம்ங்கிறார்." இரண்டாவது ஆள் விளம்பரத்திலேயே போட்டிருந்தார், அவசரத்தில் நான்தான் படிக்கவில்லை. மூன்றாவது ஆள் நம்மவர். "ஹஸ்பண்ட் என்ன வேலைம்மா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் இரண்டு மாத டெபாசிட்டை மூன்றாக்கினார். வாடகை 1,400. டெபாசிட் மூன்று மாதம், முன்பணம் ஒரு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். 6,300 வெள்ளி. கணக்கு எனக்கு மனப்பாடமாக வரும், காசுதான் வராது.

4 அக்டோபர்

அவருடைய வாரம். பாப்பா போனபிறகு இரண்டு முறை துணி துவைத்தேன். ஒரு முறைக்குத்தான் அழுக்குத் துணி இருந்தது.

9 அக்டோபர்

மழை. ஆறே முக்காலுக்கு வந்தேன். பாட்டி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பாப்பா தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டி முட்டியில் தைலம் தேய்த்தபடி வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சரியா தப்பா அவருக்கு எப்படித் தெரியும் என்று பாப்பாவிடம் அப்புறம் கேட்டேன். "நான் யோசிச்சா தப்புன்னு சொல்வாங்க. கரெக்டா இருக்கும்."

20 அக்டோபர், தீபாவளி

எண்ணெய்க் குளியல், இட்லி, கோவில். பதினொரு மணிக்கு அவர் வந்து அழைத்துப் போனார், ஏழுக்குக் கொண்டுவந்து விட்டார். புதுச் சட்டையில் ஐஸ்கிரீம் கறை. பினாங்கு பற்றி வாயே திறக்கவில்லை நான். சின்னம்மா இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை.

26 அக்டோபர்

பாட்டி போய்விட்டார். மகன் லோரி கொண்டுவந்தார். சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை: ஓர் அலமாரி, அம்மிக்கல், பாய், சாமி படங்கள். பாப்பா அழவில்லை. கேட்டாள்: "கிள்ளானுக்கு எல்ஆர்டி போகுமா?"

கோமுட்டர் ரயில் போகும் என்றேன். எல்ஆர்டி வருது வருதுன்னு சொல்றாங்க.

27 அக்டோபர்

ட்ரான்சிட், முதல் நாள். ஆறு பத்துக்குப் போனேன். 5 வெள்ளி. பாப்பா வாசல்படியில் பையை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாலு மணியிலிருந்து பையைக் கழற்றவில்லையாம்.

28 அக்டோபர்

கிள்ளான்.

29 அக்டோபர்

பைத்தியமா எனக்கு? ரத்த சொந்தம் இல்லை, ஒரே சாதி சனம்கூட இல்லை, மேல்மாடியில் மூன்று வருடம் இருந்தவர். முட்டிவலிக்காரர். அவரை நம்பி ஒருத்தி ஊர் மாறுவாளா?

ஆனால் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கேஎல் சென்ட்ரலுக்குக் கோமுட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வேலையை விட வேண்டாம். பாப்பாவின் அப்பா சனிக்கிழமை வந்து அழைத்துப் போகலாம், நீதிமன்றப் படி ஏற வேண்டாம். தமிழ்ப்பள்ளிக்குக் குறைவில்லை. கிள்ளான் போன வருடம்தான் அரச மாநகரமானது, வாடகைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது: பாட்டி மகன் வீட்டுக்குப் பின் தெருவில் 800. லோரிக்கு 350. பினாங்குக்கு 1,400 கேட்டான்.

என்ன, நான் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். ஐந்து மணி நேரம் ஆறரையாகிறது.

1 நவம்பர், கிள்ளான்

பாட்டிக்குச் சொல்லாமல் போனேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"என்னய நம்பி ஊரு மாறாதம்மா. எனக்கு எழுபத்தி நாலு. நாளைக்கே விழுந்தா?"

நான் பேசவில்லை. மருமகள் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டிலேயே தையல் தைப்பவராம், மெஷின் கூடத்திலேயே இருந்தது, பக்கத்தில் பள்ளிச் சீருடைகள் மடித்து அடுக்கியிருந்தன. "எந்தப் பள்ளிக்கூடத்துல போடப்போறீங்க?" என்றார், ஊசியில் நூல் கோத்தபடி. சொன்னேன். "எம்பொண்ணும் அங்கதான். ஒரு மணிக்கு மோட்டார்ல போவேன்." அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாட்டி மருமகளைப் பார்த்தார், மருமகள் ஊசியைப் பார்த்தார்.

மோட்டாரில் இரண்டு பிள்ளைகளா? ஹெல்மெட்?

4 நவம்பர்

பள்ளி மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கப் போனேன். அப்பா கையெழுத்து எங்கே என்றார்கள். 1999-லேயே சட்டத்தைத் திருத்தித் தாய்க்கும் சம உரிமை கொடுத்தாகிவிட்டது என்றேன், வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தபடி. "தெரியும்மா, ஆனா ஒரு பிரச்சனையும் வரக்கூடாதுல்ல." நீதிமன்ற உத்தரவின் நகலை மேசைமேல் வைத்தேன். நாளை வரச் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பு ஜனவரி 12-ல் தொடங்குகிறது.

5 நவம்பர்

நாளை.

7 நவம்பர்

சின்னம்மாவுக்குச் சொன்னேன். கிள்ளானா, அங்க யாரு இருக்கா நமக்கு என்றார். அப்புறம் கோபம். அப்புறம், அந்த இரண்டு பையன்கள்காரர் கிள்ளான் பக்கம்தானாம்.

9 நவம்பர்

பின் தெரு வீட்டுக்காரர் 100 குறைத்துக்கொள்கிறேன் என்கிறார், தண்ணீர்க் குழாயை நாமே சரி செய்தால். பாட்டியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மருமகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் அனுப்பினார். சின்ன சைஸ் ஹெல்மெட் இரண்டு. கேள்வியா பதிலா தெரியவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டு எழுதினேன்.

12 நவம்பர்

வாஷிங் மெஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டுமாம். கீழ்வீட்டுத் தம்பியைக் கேட்க வேண்டும்.