மரம் நடப் போனேன், மரம் எண்ண வைத்தார்கள்

நகரத்து மரங்களைப் பராமரிக்கும் திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு குழி, ஒரு கன்று, ஒரு வாளித் தண்ணீர், கடைசியில் எல்லோரும் நின்று ஒரு படம் என்றுதான் நினைத்திருந்தேன். சேர்ந்து பல மாதங்கள் வரை ஒரு கன்றைக்கூட என் கையில் கொடுக்கவில்லை; பயிற்சி தந்து, தெருவில் இருக்கும் மரங்களை எண்ணிக் குறித்து வரத்தான் அனுப்பினார்கள். என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் இந்தக் கடுப்பிலேயே கழன்றுகொண்டார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்களும் இருந்திருப்பார்கள் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் எளிதுதான். தாவரவியல் படித்தவரா என்று கேட்கவில்லை. வெயிலில் நடக்க முடியுமா, எந்தக் கிழமை வர முடியும், தொடர்ந்து வருவீர்களா என்பவைதான் கேள்விகள். மூன்றாவது கேள்விக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் 1998 முதல் நடக்கும் தன்னார்வ இயற்கையாளர் திட்டத்தில் 40 மணி நேரம் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 40 மணி நேரம் களப்பணி செய்தால்தான் சான்றிதழ் நிலைக்கும், கூடவே 8 மணி நேரம் மேல்பயிற்சியும் உண்டு. நான் சேர்ந்தது அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான்: கற்றுக்கொடுத்ததை உழைப்பாகத் திருப்பித் தர வேண்டும்.

முதல் வகுப்பில் மரத்தை அண்ணாந்து பார்க்கவே விடவில்லை. குனிந்து அடிமரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். நல்லபடியாக நட்ட மரத்தில், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று விரிந்து வேராக இறங்குவது தெரியும். நட்டுவைத்த கம்பம் போல நேராக மண்ணுக்குள் போனால் ஆழமாக நட்டிருக்கிறார்கள், அல்லது பின்னால் யாரோ மண் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மூடிய இடத்தில் பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகத் தொடங்கும். மூடாக்கு போடுகிறேன் என்று காய்ந்த இலையையும் மரத்தூளையும் தண்டைச் சுற்றிக் குவித்து வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் போதும்.

அப்புறம் கட்டுகள். கன்று சாயாமல் இருக்கக் கம்பு நட்டுக் கட்டிய கயிற்றை அவிழ்க்க யாரும் வருவதில்லை. மரம் பருக்கப் பருக்க அந்தக் கயிறு பட்டைக்குள் புதைந்துகொள்ளும். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கு வழியாகத்தான்; கயிறு இறுக்கினால் அந்த வழி அடைபடும். விளக்குத் தொடருக்காகச் சுற்றிய கம்பியும் விளம்பரப் பலகை கட்டிய வயரும் அதே இறுக்கத்தைத்தான் தருகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

மரத்தை அடையாளம் காண்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆலும் அரசும் யாருக்கும் தெரியும். தூங்குமூஞ்சி மரத்தைச் சாயங்காலம் பார்த்தால் இலை மடங்கியிருக்கும், முடிந்தது. சிக்கல் வந்தது குல்மோகரிலும் இயல்வாகையிலும். பூத்திருந்தால் சிவப்பு, மஞ்சள் என்று சொல்லிவிடலாம். பூவில்லாத நாளில் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பொடிப்பொடி இலைகள்தான். அப்போது காயைத் தேடச் சொன்னார்கள். குல்மோகரின் காய் தட்டையாக, கட்டையாக, முழங்கை நீளத்துக்குத் தொங்கும். இயல்வாகையின் காய் விரல் நீளம்தான் இருக்கும், செம்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும். காயும் இல்லையா, துளிரைப் பாருங்கள்: இயல்வாகையின் இளந்துளிரில் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய ரோமம் இருக்கும். ஒரு கொப்பைக் கையில் வாங்கி அந்த ரோமத்தைத் தடவிப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை.

அளப்பதில் பெரிய வித்தை இல்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் (சில நாடுகளில் 1.3 மீட்டர்) டேப்பைச் சுற்றி, வந்த சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். எல்லோரும் ஒரே உயரத்தில் அளந்தால்தான் அடுத்த முறை வருகிறவர் மரம் எவ்வளவு பருத்தது என்று சொல்ல முடியும்.

கணக்கெடுப்புப் படிவத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் கட்டம். இனம் தெரியாவிட்டால் பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) மட்டும் எழுதலாம், அதுவும் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம். பின்னால் ஒரு மர நிபுணர் வந்து சில தெருக்களைத் திரும்பச் சரிபார்ப்பார். ஊகித்து எழுதிய பெயரைவிட 'தெரியவில்லை' என்பது அவருக்கு எவ்வளவோ மேல்.

எண்ணி என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. பயிற்சியில் சொன்ன ஒரு கதை அதைத் தீர்த்தது. வட அமெரிக்க நகரங்களில் தெருத்தெருவாக எல்ம் மரங்களையே வைத்திருந்தார்கள். டச்சு எல்ம் நோய் வந்து அவற்றை வாரிக்கொண்டு போனது. காலியான இடங்களில் பலவற்றில் ஆஷ் மரங்களை வைத்தார்கள். 2002இல் மிச்சிகனில் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, ஆஷ் மரங்களும் போயின. இந்த வண்டு தெரிய வருவதற்கு முன்பே, 1990இல், ஃப்ராங்க் சான்டமோர் என்ற அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: நகரத்து மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20க்கு மேல் வேண்டாம், ஒரே தாவரக் குடும்பம் 30க்கு மேல் வேண்டாம். இந்தக் கணக்கைப் போட வேண்டுமென்றால் இப்போது என்னென்ன மரம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. நியூயார்க் நகரம் 1995, 2005, 2015 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை தெரு மரங்களை எண்ணியது. 2015இல் 2,200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இறங்கினார்கள், 6,66,134 மரங்கள் கணக்கில் வந்தன.

பார்த்த செடிகொடிகளையும் உயிரினங்களையும் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் ஆப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. தெருவில் யாரோ நட்ட மரத்தை அதில் பதிவதானால் 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும். குறித்தால் அது, ஆய்வுக்குப் பயன்படும் பதிவு என்று பொருள்படும் 'ஆராய்ச்சித் தரம்' என்ற நிலைக்கு ஏறாது. அதற்காக மனம் தளர வேண்டாம். அந்த மரத்தில் வந்து உட்காரும் பறவையும் பூச்சியும், பட்டையில் முளைக்கும் காளானும் தாராளமாக ஏறும்.

இதெல்லாம் மரத்தோடு பழகுவது. மனிதர்களோடு பழகுவதுதான் கஷ்டம், அதற்கு வகுப்பும் குறைவு. டேப்பும் அட்டையுமாக நின்றாலே ஜன்னல்கள் திறக்கும். ஒரு வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, "தம்பி, கணக்கெடுக்கிறது வெட்டுறதுக்கா, வளர்க்கிறதுக்கா?" என்று கேட்டார். வளர்க்க என்று சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். "வெட்டுறதுக்கு இல்லையா?" என்று சலித்துக்கொண்டார். ஒரு கிளை தெருவிளக்கை மறைக்கிறது, ராத்திரி வாசல் இருட்டாக இருக்கிறது, புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. இலை வேறு கொட்டுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் மரத்தின் பெருமையைப் பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். மரம் மொத்தமும் நன்றாகத்தான் இருந்தது, விளக்கை மறைத்தது ஒரே ஒரு கிளை. ஆனால் அதற்கு மேலே பட்டுப்போன இன்னொரு கிளையில் ஒரு வட்டப் பொந்து இருந்தது, குக்குறுவான் பறவை ஒன்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. கூட்டுக் காலம் முடிந்த பிறகு விளக்குப் பக்கத்துக் கிளையை மட்டும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். கிளை வெட்டுகிறவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள், ஆனால் அந்தக் கிளையை மட்டுமே எடுத்தார்கள். இலை கொட்டுவதைப் பற்றிய அம்மாவின் கருத்து மாறவே இல்லை. இருந்தாலும் பக்கத்துக் குழியில் புதிதாக வைத்த கன்றுக்கு இப்போது அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். பார்த்துக்கொள்வீர்களா என்று அவரிடமே கேட்டு அந்தக் கன்றை ஒப்படைத்தோம். பொதுவாக "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்ட கன்றுகளில் பலவும் வாடிவிட்டன.

தண்ணீர் ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. புதுக் கன்றின் வேர் இன்னும் நாற்றுப் பையிலிருந்து வந்த மண்ணுக்குள்ளேயே இருக்கும், அதனால் முதலில் அடியிலேயே மெதுவாக ஊற்ற வேண்டும், போகப் போக வட்டத்தை அகலமாக்க வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, விட்டுவிட்டு ஆழமாக இறங்கும்படி ஊற்றுவது நல்லது. ஒரு குச்சியை மண்ணில் குத்திப் பார்த்தாலே ஈரம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டும்வரை இதை விட முடியாது.

நடும் நாளும் வந்தது. அரை நாளில் முடிந்துவிட்டது.

சேர நினைத்தால் பெயர் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எடுக்கும் கணக்கு எங்கே போகிறது, பொதுமக்கள் அதைப் பார்க்க முடியுமா? நீங்கள் எழுதியதை யார் சரிபார்ப்பார்கள்? இந்த வருஷம் நடும் கன்றுக்கு மூன்றாவது கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரோ தெருவோ பதிலாக வந்தால் தாராளமாகச் சேரலாம். "பார்த்துக்கலாம்" என்றால் அங்கே படம் எடுப்பதுதான் முக்கிய வேலை, வேறு இடம் பாருங்கள்.