வெட்டாறு: பிரிஞ்சுகிட்டே போற ஆறு

தஞ்சாவூர்லேருந்து திருவையாறு போற பஸ்ல ஜன்னலோரம் சீட் கெடைச்சா வரிசையா அஞ்சு ஆத்தப் பாத்துடலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியா காவிரி. எல்லாரும் காவிரி வந்தாதான் எட்டிப் பாப்பாங்க, எனக்கு என்னமோ நடுவுல வர்ற வெட்டாறு மேலதான் ஒரு கண்ணு.

மலையில பொறந்து, வழியில துணை ஆறெல்லாம் சேந்து, பெருசாகி கடலுக்குப் போகும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அந்தக் கதையெல்லாம் டெல்டாவுல செல்லாது. இங்க ஆறு சேராது, பிரிஞ்சுகிட்டே போகும். கல்லணையில காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலாப் பிரியுது (கால்வாய் வந்தது 1934ல, இன்னைக்கும் அதுக்குப் பேரு புது ஆறுதான்). வெண்ணாறு தென்பெரம்பூர் தலைப்புக்கு (ஆறு பிரியுற எடத்துல ஷட்டர் வச்சு தண்ணியப் பிரிச்சு விடுற எடம்) வந்ததும் அங்க வெட்டாறு பிரியுது. மிச்ச வெண்ணாறும் சும்மா போகாது, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி பிரியும். வெட்டாறு நேரா கெழக்கால போயி நாகூர் பக்கத்துல கடல்ல விழுது. வழி நெடுக மதகு, ஷட்டர், வாய்க்கா, வாய்க்காலுக்குள்ள கன்னி வாய்க்கா, ஆளாளுக்கு எடுத்தது போகத்தான் கீழ வரும்.

இதுல இன்னொரு சங்கதி, நெலம் தட்டையோ தட்டை. தஞ்சாவூர்லேருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர் இருக்கும், மொத்த எறக்கம் 60 மீட்டருக்குள்ளதான். தண்ணி எப்படி ஓடும், நடக்கத்தான் செய்யும், நடுவுல காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கெடந்தா அதுவும் இல்ல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில பூ தூவுறதக் காட்டுவாங்க, கடைமடையில, அதான் ஆத்துத் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற எடத்துல, வாய்க்கா வெடிச்சுக் கெடக்கும். அதே கடைமடை விவசாயிக்கு ஐப்பசி கார்த்திகையில வேற பிரச்சினை, மேல உள்ள வயல்ல வடிச்சு விட்ட தண்ணியெல்லாம் அதே ஆத்துலதான் வந்து எறங்குது, பாசனமும் அதுதான் வடிகாலும் அதுதான், கடலும் அப்ப ஏறி நிக்கும், தண்ணி வாங்காது, பயிர் முழுகிப் போயிடும். தூர் வார்ற வேலைய ஏன் தண்ணி வர்ற நேரம் பாத்து ஆரம்பிக்கிறாங்கன்னு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல.

அதான் கீழ போகப் போக நெறைய பேரு மேட்டூர்த் தண்ணிய நம்பிப் போடுற குறுவை நெல்ல நம்புறதே இல்ல, ஆவணி வாக்குல அடுத்த போகமான சம்பா நெல்ல நேரடியா வெதச்சு விட்டுடறாங்க, மழ பெஞ்சா மொளைக்கட்டும், ஆத்துத் தண்ணி வந்தா லாபம்னு.