வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு கட் ஆச்சு, பத்தொன்பது நாள்ல சரி பண்ணேன்

கோட்டையூர்ல எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல தரை முழுக்க பழைய ஆத்தங்குடி கல்லு, டிசைன் போட்ட கலர் சிமெண்ட் டைல்ஸ். பங்காளி பக்கத்து ரெண்டு அறையில வர்ற தை மாசம் அந்தக் கல்லையெல்லாம் பேத்துட்டு கிரானைட் போடப்போறாங்கன்னு முடிவாயிருச்சு, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது, அவங்க பங்கு அவங்களுது. ஆனா போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிசைனையும் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல இன்க்ஸ்கேப்ங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல கோடு கோடா வரைஞ்சு வச்சுட்டா, பின்னாடி யாராவது வேணும்னு கேட்டா ஆத்தங்குடில கொண்டு போய்க் கொடுத்து அதே மாதிரி அச்சு அடிச்சு கல்லு போட்டுக்கலாம்ல. அந்த நினைப்புல புரட்டாசில ஆரம்பிச்ச வேலை இது. மொத்தம் பதினோரு டிசைன், அதுல ஏழு முடிஞ்சிருச்சு, எட்டாவது மூலைக்கல்லு, நாலு தாமரை மொட்டு நாலு பக்கமும் வளைஞ்சு போற டிசைன், அதை வரையும்போதுதான் மவுஸ் தகராறு தாங்க முடியாம போச்சு.

என்ன ஆகும்னா, இதழோட வளைவை பிடிச்சு மெதுவா இழுத்துட்டு இருப்பேன், அம்புக்குறி அப்படியே நின்னுரும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறதுக்குள்ள திரும்ப உயிர் வந்து வேற எங்கயோ போய் குதிக்கும், இதழ் இருந்த இடத்துல ஒரு கொம்பு முளைச்சிருக்கும். அன்டூ பண்ணிட்டு திரும்ப இழுக்கணும். ஒரு மொட்டுக்கு பதினாறு வளைவு, நாலு மொட்டு, கணக்கு போட்டுக்கங்க.

புது மவுஸ் வாங்கிரலாம்னுதான் முதல்ல தோணுச்சு. ஆனா கையில பிடிச்சா நல்லா இருக்கு, நாலு வருஷமா பழகுன மவுஸ், எதனால கட் ஆகுதுன்னு தெரியாம தூக்கிப் போட மனசு வரல. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, கட் ஆகுற ஒவ்வொரு தடவையும் மணி என்னன்னு மட்டும் குறிச்சு வைக்க ஆரம்பிச்சேன். முதல் நாள் இருபத்தி மூணு தடவை.

எங்கிட்ட இருக்கிற செட்டப்பைச் சொல்லிடுறேன், இல்லைன்னா பின்னாடி சொல்றது புரியாது. கடையில அசெம்பிள் பண்ணி வாங்குன டெஸ்க்டாப், விண்டோஸ் 10. எங்க ஐயா கணக்கு எழுதுன தேக்கு மேஜைக்கு அடியில சிபியு தரையில நிக்குது, அதுக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் பழைய இரும்புப் பெட்டி. மவுஸோட ரிசீவர் சிபியு பின்னாடி சொருகியிருக்கு, கட்டைவிரல் நகம் அளவு கூட இருக்காது. போட்டோவெல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல பேக்கப் ஆகுது. மவுஸ் பேடுன்னு தனியா இல்ல, வீட்டுல மிச்சம் இருந்த ஒரு ஆத்தங்குடி கல்லையே மேஜை மேல போட்டு அதுல ஓட்டுவேன்.

முதல் சந்தேகம் அந்தக் கல்லு மேலதான். ஆத்தங்குடி கல்லை பாலிஷ் போட்டு பளபளப்பு ஆக்குறதில்ல, கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் சிமெண்டை ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ஞ்சு தண்ணில ஊறுனப்புறம் கண்ணாடியை எடுத்தா அந்த வழவழப்பு தானா வந்திருக்கும், எண்பது வருஷம் கழிச்சும் முகம் தெரியுது. ஆப்டிக்கல் மவுஸ் அடியில இருக்கிற குட்டி கேமரா ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்து, தரையில இருக்கிற சின்னச் சின்ன சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு பார்த்துத்தான் அம்புக்குறியை நகர்த்துது, ரொம்ப வழவழப்பா இருந்தா அதுக்கு அடையாளம் கிடைக்காது. சரின்னு கல்லு மேல தினமணியை நாலா மடிச்சுப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். இருபத்தி ரெண்டு தடவை. கல்லு மேல குத்தம் இல்ல, பேப்பரை எடுத்துட்டேன்.

அடுத்து பேட்டரி. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா 1.4 வோல்ட் காட்டுது, புதுசு 1.5 சொச்சம் இருக்கும், அதனால பேட்டரி தீர்ந்துபோகல. ஆனா மூடியைத் திறந்ததுல ஒண்ணு கண்ல பட்டுச்சு, மைனஸ் பக்கத்து ஸ்பிரிங்ல அடிச் சுத்துல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஒரு படலம், அது ஓரத்துல லேசா பச்சை. முன்னாடி எப்பவோ போட்ட பேட்டரி கசிஞ்சிருக்கு. காரைக்குடி பக்கம் இருந்துக்கிட்டு பேட்டரி சந்தேகத்துக்கு அலைய வேண்டியதில்ல, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் இடமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுன சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கதான் இருக்கு, எங்க எதிர் வீட்டுப் பெரியப்பா அங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கொண்டு போய்க் காமிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்பிரிங்கை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அல்கலைன் பேட்டரி கசிவு காரம்ப்பா, அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்துதான் இப்படி வெள்ளையா பூத்துருக்கு. புளிப்பு பட்டா கரைஞ்சிரும், எலுமிச்சம்பழம் போதும். ஆனா அப்புறம் நல்லா தொடச்சு காய வை, புளிப்பை அப்படியே விட்டா அதுவும் அரிக்கும்"னார்.

காது குடையுற பஞ்சுக் குச்சியில எலுமிச்சைச் சாறை ஒரு சொட்டு தொட்டு வச்சேன், பொசுபொசுன்னு சின்னதா நுரைச்சுச்சு, அது அடங்கினதும் ஈரப் பஞ்சு, அப்புறம் காய்ஞ்ச பஞ்சு, அப்புறம் ஸ்பிரிட். ஸ்பிரிங்கை நகத்தால ஒரு சுத்து வெளிய இழுத்து விட்டேன், அமுங்கிப் போயிருந்துச்சு. ஒரு ராத்திரி மூடியைத் திறந்தே வச்சுட்டு காலையில பேட்டரியைப் போட்டா, அன்னைக்கு கட் ஆனது பதினாலு தடவை. குறைஞ்சிருக்கு, நிக்கல.

இந்த இடத்துல ஒரு நாள் சும்மா உட்கார்ந்து யோசிச்சேன். குறைஞ்சிருக்குன்னா ஒரு கோளாறு போயிருக்கு, இன்னொண்ணு இருக்கு. அதுக்கப்புறம் நோட்டுல மணியோட இன்னும் ரெண்டு விஷயம் எழுத ஆரம்பிச்சேன். கட் ஆனதும் மவுஸை உடனே திருப்பிப் பார்க்கிறது, அடியில சிவப்பு லைட் எரியுதா இல்லையா. அப்புறம் பென் டிரைவைப் பிடுங்கினா விண்டோஸ் ஒரு சத்தம் கொடுக்கும்ல, அந்தச் சத்தம் கேட்டுச்சா இல்லையா. இந்த ரெண்டையும் முதல் நாள்லயே பார்த்திருந்தா ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். லைட் அணைஞ்சிருந்தா மவுஸுக்கு கரண்ட் போகல, பேட்டரி பக்கம் பார்க்கணும். சத்தம் கேட்டா ரிசீவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல தொடர்பு அறுந்திருக்கு, போர்ட் பக்கம் பார்க்கணும். லைட்டும் எரியுது சத்தமும் இல்லைன்னா மவுஸும் நல்லாத்தான் இருக்கு ரிசீவரும் நல்லாத்தான் இருக்கு, நடுவுல காத்துல போற சிக்னல் போய்ச் சேரல.

எழுதிப் பார்த்தா ரெண்டு வகை கலந்து கிடக்கு. சாப்பிட்டு வந்து உட்காரும்போது, இல்ல கொஞ்ச நேரம் தொடாம விட்டுட்டு வரும்போது சத்தத்தோட கட் ஆகுறது ஒரு வகை, தினம் நாலஞ்சு தடவை. இது சுலபமா முடிஞ்சிருச்சு. டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட்டுக்குள்ள போய், கரண்ட் மிச்சம் பண்ண கம்ப்யூட்டரே இந்த டிவைஸை அணைச்சுக்கலாம்னு இருக்கிற டிக்கை எடுத்து விட்டேன், பவர் ஆப்ஷன்ஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் டிசேபிள் பண்ணேன். சத்தம் வர்றது அன்னையோட நின்னுச்சு.

மிச்சம் இருந்தது லைட்டும் எரிஞ்சு சத்தமும் இல்லாம நிக்கிற வகை. நான் தாமரை மொட்டுல மாட்டிக்கிட்டது இதாலதான்.

காத்துல போற சிக்னல்னா முதல்ல வைஃபை ஞாபகம் வந்துச்சு. இந்த மவுஸ் பேசுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையோட ஒரு பாதி, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அந்த ஒரே தெருவுலதான் குடியிருக்கு. எங்க வீட்டுல ரௌட்டர் முகப்புல இருக்கு, நடுவுல வளவு தாண்டி ரெண்டு முழச் சுவர், அதனால ரெண்டாங்கட்டுல ஒரு எக்ஸ்டெண்டர் வச்சிருக்கேன், அது மேஜையில இருந்து நாலடி. எக்ஸ்டெண்டரை அணைச்சுட்டு ஒரு நாள் வேலை பார்த்தேன், ஒன்பது தடவை. ரௌட்டர் சேனலை 1க்கு மாத்தி ஒரு நாள், 11க்கு மாத்தி ஒரு நாள், எட்டு, ஒன்பது. அஞ்சு கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினா இந்தச் சுவரைத் தாண்டி நெட்டே வரல. இரும்புப் பெட்டியைத்தான் நகர்த்திப் பார்க்கலாம்னு போனா ரெண்டு ஆளு சேர்ந்தும் அசையல, அதனால சிபியுவை இந்தப் பக்கம் நகர்த்தினேன், ஏழு. கொஞ்சம் உபயோகம் மாதிரி இருந்துச்சு, மறுநாள் திரும்ப ஒன்பது.

பதிமூணாவது நாள் சாயங்காலம் அப்பத்தா தூணோரமா உட்கார்ந்து வெத்தலைக்கு நரம்பு கிழிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் மேஜையில தட்டிட்டு திரும்ப மவுஸைத் திருப்பிப் பார்க்கிறேன். அப்பத்தா நிமிரவே இல்ல.

"ஏ அப்பு, அந்தக் கீழ இருக்கிற டப்பா மினுக் மினுக்குன்னா உனக்கு கோவம் வருது."

"எந்த டப்பா அப்பத்தா?"

"அந்த கறுப்பு டப்பாதான். மூணு நாளா பார்க்கிறேன், அது மினுக்கும், நீ சலிச்சுக்குவ. அது அடங்குனா நீயும் அடங்கிடுற."

ஹார்டு டிஸ்க். தரையில உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவுக்கு மேஜைக்கு அடியில அந்த நீல லைட் நேரா தெரியுது, எனக்கு மேல இருந்து தெரியவே தெரியாது. நோட்டை எடுத்துப் பார்த்தேன், 10.02, 11.01, 11.03, 12.02, 3.01, 3.02, 4.03. பேக்கப்பை மணிக்கு ஒரு தடவை ஓடுற மாதிரி நான்தான் செட் பண்ணி வச்சிருக்கேன். முதல் வாரத்துல பேட்டரி கோளாறும் சஸ்பெண்ட் கோளாறும் கலந்து கிடந்ததால எந்த மணிக்கும் கட் ஆன மாதிரி இருந்துச்சு, அது ரெண்டும் விலகினப்புறம் இந்தக் கணக்கு பளிச்சுன்னு நின்னிருக்கு, நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்துட்டு மணியைப் பார்க்காம விட்டிருக்கேன்.

உடனே சோதிச்சேன். இருபது ஜிபி போட்டோ ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி போட்டேன், பத்து செகண்டுக்குள்ள அம்புக்குறி திக்கித் திக்கி நின்னுச்சு. காப்பியை நிறுத்தினேன், வெண்ணெயில ஓடுற மாதிரி ஓடுச்சு. திரும்பப் போட்டேன், நின்னுச்சு. மூணு தடவை பண்ணி மூணு தடவையும் அதே. அப்பத்தா கட்டிலுக்குப் போகிற வரைக்கும் கூட இருந்து பார்த்துச்சு.

காரணம் தேடிப் படிச்சப்ப, இது இன்டெல் கம்பெனியே 2012ல ஒரு வெள்ளை அறிக்கையா வெளியிட்ட விஷயம்னு தெரிஞ்சுது. யுஎஸ்பி 3.0ல டேட்டா செகண்டுக்கு 5 கிகாபிட் வேகத்துல ஓடும்போது போர்ட்லயும் கேபிள்லயும் டிவைஸ்லயும் இருந்து ஒரு இரைச்சல் கிளம்புது, அது பரவுற இடத்துல 2.4லேர்ந்து 2.5 கிகாஹெர்ட்ஸும் மாட்டுது, மவுஸ் பேசுறதும் அங்கதான். ஹார்டு டிஸ்க் சும்மா இருந்தா பெருசா ஒண்ணும் தெரியாது, டேட்டா ஓடும்போதுதான் தகராறு. என்னோட சிபியு பின்னாடி ரெண்டு நீலக் கலர் போர்ட், ரெண்டும் யுஎஸ்பி 3.0, ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு, மேல ஹார்டு டிஸ்க் கேபிள், கீழ மவுஸ் ரிசீவர், நடுவுல ஒரு விரல் கூட நுழையாது. மவுஸ்ல இருந்து வர்ற சின்னக் குரல் தேக்குப் பலகையையும் சிபியு தகரத்தையும் சுத்திக்கிட்டு போய்ச் சேர்ற இடத்துல, காதோரமா ஒருத்தர் மேளம் அடிச்சா என்ன கேட்கும்.

ரிசீவரை முன்னாடி இருக்கிற கறுப்பு போர்ட்டுக்கு மாத்தினேன், அது 2.0, மவுஸுக்கு அந்த வேகமே தாராளம். காப்பி ஓடும்போது நின்னது ஒரே ஒரு தடவை. மறுநாள் காரைக்குடிக்கு பஸ்ல போய் ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணு நூத்தி இருபது ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். கடையில அந்தத் தம்பி, ரிசீவர் வீக்கா இருக்கும்ணே, புது மவுஸ் பார்க்கிறீங்களான்னு நல்ல மனசோடதான் கேட்டார், அவருக்கும் ஹார்டு டிஸ்க் கதையைச் சொன்னேன், வர்ற ஆளுங்களுக்குச் சொல்றேன்னார். கேபிளை மேஜைக்கு மேல கொண்டு வந்து, மேஜை விளிம்புல நூலால கட்டி, ரிசீவர் மவுஸுக்கு ஒரு சாண் தள்ளி நேருக்கு நேரா இருக்கிற மாதிரி வச்சிருக்கேன். பக்கத்துல யுஎஸ்பி 3.0 எதுவும் இல்ல.

இதே மாதிரி தகராறு உள்ளவங்க ப்ளூடூத் மவுஸ் வாங்கினா தப்பிச்சுக்கலாம்னு நினைக்க வேணாம், அதுவும் அதே 2.4தான். யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், ஹப், அதோட கேபிள் இதையெல்லாம் தள்ளி வச்சுப் பாருங்க, லேப்டாப்னா ரிசீவரை இந்தப் பக்கமும் டிஸ்க்கை அந்தப் பக்கமும் சொருகிப் பாருங்க. காசு செலவாகாது.

பதினஞ்சாவது நாள் பூஜ்யம். பதினாறாவது நாள் ஒண்ணு, லைட் அணைஞ்சிருந்துச்சு, பேட்டரி நிஜமாவே தீர்ந்துருச்சு, புதுசு போட்டேன். பதினேழு, பதினெட்டு பூஜ்யம். வைஃபை சேனலைத் திரும்ப ஆட்டோவுல விட்டாச்சு, எக்ஸ்டெண்டரும் பழைய இடத்துக்கு வந்துருச்சு, சிபியுவும் இரும்புப் பெட்டி ஓரமாவே நிக்குது.

நேத்து பத்தொன்பதாவது நாள், மூணு மணி பேக்கப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நாலாவது மொட்டோட கடைசி வளைவை இழுத்து முடிச்சேன். அப்பத்தா கீழ இருந்து, "மினுக்குது அப்பு"ன்னுச்சு. "மினுக்கட்டும் அப்பத்தா"ன்னேன். இனி ஒன்பதாவது டிசைன், பங்காளி வீட்டு உள் அறையில நடுவுல இருக்கிற எட்டு இதழ் பூ.