ஆயுத பூஜையும் அரைக்கால் திருப்பும்

என் மாமனாருக்கு வருடத்தில் பிடித்த நாள் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. ஆயுத பூஜைதான். கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சுற்றுவது, மடங்குவது, கிறீச்சிடுவது எதுவானாலும் நவமிக்கு முந்தின நாள் அவர் கைக்குப் போய்த்தான் வர வேண்டும். கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டி ஸ்டாண்டு, கேட்டின் கீல், தேங்காய்த் துருவி. துடைப்பார், எண்ணெய் விடுவார், சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். போன வருடம் வைஃபை பெட்டிக்கும் பொட்டு வைத்தார். அதற்கு எண்ணெய் விடாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இந்த வருடம் வீட்டில் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருந்தது.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். கேள்விப்படுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "லைசன்ஸ் இருக்குதா?" என்றுதான். 4.5 மில்லிமீட்டர் குழல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள், அதனால் லைசன்ஸ் வேண்டாம் என்று ஒப்பிப்பேன். அடுத்த கேள்வி "இதுல காக்கா சாகுமா?" பத்து மீட்டர் தள்ளி, 11.5 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வட்டத்தில் குண்டு விழ வேண்டும் என்று வீட்டில் ஒருத்தி ராத்திரி பகலாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், இவர்களுக்குக் காக்கா கவலை. பிஸ்டல் யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது, ஜெர்மன் தயாரிப்பு. விலை முழுதும் தெரிந்தால் மாமாவுக்குச் சோறு இறங்காது என்று அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம்.

பூஜையன்று காலையில் பார்த்தால், பெட்டி திறந்து சாமி முன்னால் இருக்கிறது. காற்று சிலிண்டருக்கு மூன்று பட்டை விபூதி. குறி பார்க்கிற முன் சைட்டின் உச்சியில் குங்குமம். பிடியெல்லாம் சந்தனம். மகள் ஓடிப்போய்த் துடைத்தாள்.

"உள்ள எதையும் தொடலையே தாத்தா?"

"இல்ல கண்ணு, சும்மா வெளிய தொடச்சேன். அவ்வளவுதான்."

மில் ஃபிட்டர் அகராதியில் 'சும்மா தொடச்சேன்' என்பதற்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடுமுறை முடிந்து ரேஞ்சுக்குப் போனாள். முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் ட்ரிகர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அழுத்தினால் உள்ளே போகிறது. கடன் வாங்கிக்கொண்டு போன சொந்தக்காரர் மாதிரி, திரும்பி வருவதாக இல்லை. விரலால் முன்னுக்குத் தள்ளிவிட்டால் ஒரு குண்டு. மறுபடி தள்ளினால் இன்னொன்று. போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு சுட்டாக வேண்டும். இந்தக் கதியில் போனால் அறுபதாவது குண்டுக்கு அடுத்த ஆயுத பூஜை வந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குண்டு போடாமல் சும்மா அழுத்திப் பார்க்கும் டிரை ஃபயரில் வைத்து அழுத்தினால், டிக், டிக், டிக். ஒரு குறை இல்லை. மறுநாள் ரேஞ்சில் பழையபடி தகராறு. பயிற்சியாளர் அவளைத்தான் சந்தேகப்பட்டார். போட்டி நெருங்குகிறது, பதற்றம், விரலை முழுதாக விடுவதில்லை என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நான் வீட்டில் எடுத்த வீடியோவைக் காட்டியதும், "பார்த்தீங்களா, வீட்ல டென்ஷன் இல்ல, நல்லா வருது" என்று அதையே தன் கட்சிக்குச் சாட்சி ஆக்கிக்கொண்டார்.

அவள் முகம் தொங்கிப்போனது. தேற்ற வேண்டுமே என்று மனு பாக்கர் கதையை எடுத்தேன். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், தகுதிச் சுற்றின் நடுவில் அந்தப் பெண்ணின் பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவிப்போனது. அதே பெண் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினாள். மாமா ஊஞ்சலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்கூட்ல எண்ணெய் போட்டுப் பாக்கறதுக்கு ஆள் இல்லையாட்ட இருக்குது."

நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

ரேஞ்சுக்கு எப்போதாவது வருகிற ரிப்பேர்க்காரர் ஒருவர் உண்டு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கணக்காகச் சின்னச் சின்னக் கருவிகள் வைத்திருப்பார், பேசவே மாட்டார். அவர் வந்த அன்று நானும் போயிருந்தேன். ஏசி குளிரில் அங்கேயே மேஜையில் துணி விரித்து, சிலிண்டரைக் கழற்றி வைத்து, மரப் பிடியை எடுத்து, ட்ரிகர் பகுதியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. நடுநடுவே மஞ்சள் துணுக்கு.

"கிரீஸ் கெட்டுப்போச்சுங்க" என்றார்.

நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கிரீஸாவது ஒன்றாவது. பொள்ளாச்சியிலிருந்து நான் வாங்கி வந்த செக்குத் தேங்காய் எண்ணெய். மஞ்சள் துணுக்கு சந்தனம்.

அதற்கப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்துத் தலைக்குத் தேய்க்கிற ஊரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்துச் சூட்டில் அது எண்ணெய். ரேஞ்சின் ஏசி 20-ல் அது மெழுகு. ட்ரிகரைத் திருப்பி அனுப்புகிற ஸ்பிரிங் மயிரிழை போன்ற சங்கதி. அரை கிலோவுக்குச் சற்று மேலே அழுத்தினாலே விடுபட வேண்டிய ட்ரிகரில் பலமான ஸ்பிரிங் எங்கே வைப்பது? சந்தனக் குழம்போடு அது எத்தனை நேரம் மல்லுக்கட்டும்?

மாமாவுக்கு ஃபோன் போட்டேன்.

"மாமா, பிஸ்டலுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

"ஆமா அம்மிணி. காஞ்சு கெடந்துச்சு."

"தேங்கா எண்ணெயா?"

"மிஷின் எண்ணெய் தையல் மிஷினோட தீந்துபோச்சு. என்ன பண்றது? சும்மா ரெண்டு சொட்டுதான்."

ரிப்பேர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சுக் குச்சியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தெடுத்த குச்சிகளைப் பார்த்தால் ரெண்டு சொட்டு மாதிரி தெரியவில்லை. காற்று போகிற பக்கம், ரப்பர் வளையங்கள் பக்கம் எண்ணெய் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அச்சு முனைகளில் ஊசி நுனியால் துளித் துளி எண்ணெய் தொட்டு வைத்து மூடினார். ட்ரிகர் போனது, வந்தது. மகள் சிரித்தாள். பயிற்சியாளர் மூச்சுப் பயிற்சி பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

ஆனால் சுட்டுப் பார்த்தால் குண்டெல்லாம் இடப்பக்கம் கீழே போய் விழுகிறது. ட்ரிகர் கனமாக இருக்கிறது என்றாள். விதிப்படி பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விடுபடாமல் தாங்க வேண்டும். தாங்கியது. பயிற்சியாளருக்கு என்ன தோன்றியதோ, ஒரு டப்பா பெல்லட்டையும் சேர்த்துக் கட்டினார். டப்பாவில் 500 பெல்லட், ஒவ்வொன்றும் அரை கிராம், ஆக இன்னொரு கால் கிலோ. அதையும் அசராமல் தூக்கியது.

மறுபடி ஃபோன்.

"மாமா, ஏதாவது ஸ்க்ரூவைத் திருப்புனீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒண்ணு லூசா இருந்துச்சு அம்மிணி. கண்ணாடிக்கு வெச்சிருக்கற ஸ்க்ரூ டிரைவர்ல..."

லூசாக இருந்தது என்று அவர் சொன்னது ட்ரிகரின் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ. ரிப்பேர்க்காரர் ஃபோனை வாங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: "எவ்வளவு திருப்புனீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா ஐயா?"

"ஒரு திருப்பு. அப்புறம் ஒரு அரைக்கால் திருப்பு."

மில்லில் முப்பத்தைந்து வருடம் இருந்த கை. ரிப்பேர்க்காரர் நம்பாமல்தான் திருப்பினார், ஒன்றே அரைக்கால் பின்னால். பெல்லட் டப்பாவோடு தூக்கினால் டக்கென்று விடுபட்டது. வெறும் 500 கிராமைத் தூக்கினால் நின்றது. "அந்தப் பெரியவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிப் போனது என் வீட்டுக்காரர். வெள்ளை வேட்டி சட்டையோடு போன மாமா பேத்தி சுடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பத்து விழுந்தபோது கை தட்டப்போனவரை அடக்கி உட்கார வைத்தார்களாம். அப்புறம் மேலே நிமிர்ந்து ஏசியையே உற்றுப் பார்த்தாராம்.

"ஏனுங்க தம்பி, இந்த ஏசி ஃபேன்ல பேரிங் காஞ்சு போன சத்தம் வருதுங்களே. ஒரு ஏணி இருந்தா..."

பயிற்சியாளர் அவரை டீ சாப்பிட வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.