டெக்சாஸில் மான் வேட்டை உரிமம்: சீசன் தேதி மட்டும் தெரிந்தால் போதாது

டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது சீசன் எப்போது தொடங்கும் என்பதைத்தான். அதற்கு விடை எளிது. பொதுச் சீசன் நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கும். 2024-25 பருவத்தில் நவம்பர் 2 அன்று தொடங்கி, வட மண்டலத்தில் ஜனவரி 5 வரையும், தென் மண்டலத்தில் ஜனவரி 19 வரையும் நீடித்தது. வில்லோடு போகிறவர்களுக்குச் செப்டம்பர் 28 அன்றே திறந்துவிட்டார்கள். தேதிகளால் எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. என்னை அலைக்கழித்தது, விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் தெரியாமலேயே அடித்துச் சொன்ன பதில்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். 17 வயது நிரம்பியவர்கள் அதை இணையத்திலேயே முடித்துவிடலாம்; நானும் அப்படியே முடித்தேன்.

உரிமம் வாங்கப் போன விளையாட்டுப் பொருள் கடையில்தான் முதல் முட்டுக்கட்டை. விசாவில் இருப்பவர்களின் ஓட்டுநர் உரிமத்தில் ‘லிமிடெட் டேர்ம்’ (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்) என்று அச்சிட்டிருப்பார்கள். கவுண்டரில் இருந்தவர் அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்து, “நீங்கள் இந்த மாநிலத்தவர் இல்லை, வெளியாள் உரிமம்தான் தர முடியும்” என்றார். உள்ளூர்வாசிக்கு வேட்டை உரிமம் 25 டாலர். வெளியாளுக்கு 315 டாலர். விதியோ மிகத் தெளிவானது: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக ஆறு மாதங்களுக்கு மேல் டெக்சாஸில் வசித்திருந்தால் அவர் உள்ளூர்வாசி, குடியுரிமை பற்றிய பேச்சே அதில் கிடையாது. நான் பல ஆண்டுகளாக இங்கே குடியிருப்பதைச் சொல்லியும், வாடகை ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டியும் அவர் அசையவில்லை. மேலாளர் விடுப்பில் இருந்தார். வெறுங்கையோடு திரும்பி, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி என் கேள்வி முடிவதற்குள்ளேயே, “ஆறு மாதம் ஆகிவிட்டதல்லவா? பிறகென்ன?” என்றார். வேறொரு கடையில் மறு கேள்வி இல்லாமல் 25 டாலருக்கே கொடுத்தார்கள். யாராவது 315 கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் துறையை அழையுங்கள்.

எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்களின் குடும்பத்தாருக்கானது) போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு இந்த உரிமச் சீட்டு வேட்டைக்கு மட்டும் உரியதன்று. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் அளிக்கும் விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பது. நண்பரிடம் இரவல் வாங்கிய ரைபிளும் ‘வைத்திருப்பது’ என்பதற்குள் அடங்கும் என்பதால், உரிமம் கைக்கு வரும்வரை ‘சும்மா பிடித்துப் பார்’ என்று யார் நீட்டினாலும் தொடாமல் இருப்பதே நல்லது. கடையில் சொந்தமாக வாங்குவதானால் படிவத்தோடு உரிமத்தின் நகலையும் கேட்பார்கள். பின்னணிச் சோதனையில் குடிவரவு விவரங்களையும் பார்ப்பதால் அன்றே கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) விதிகள். வேட்டை என்றாலே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் சிறையும் நினைவுக்கு வரும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, கவுண்டி எல்லையைத் தாண்டினால் சட்டமே மாறும் என்பது மனதில் பதியச் சற்று நாளாகும். உரிமத்தில் வெள்ளை வால் மானுக்கு ஐந்து டேகுகள் (சுட்ட மானில் கட்ட வேண்டிய சீட்டுகள்) இருக்கும்: மூன்று ஆணுக்கோ பெண்ணுக்கோ பயன்படும், இரண்டு கொம்பில்லாத மானுக்கு மட்டும். ஐந்து டேக் இருப்பதால் எந்தக் கவுண்டியிலும் ஐந்து மான் சுடலாம் என்று பொருளாகாது. சில கவுண்டிகளில் கொம்பில்லாத மானைச் சீசனின் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே சுடலாம்.

நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தின் காவலர் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “டேக் இருக்கிறதல்லவா, பெண் மான் வந்தால் தாராளமாகச் சுடுங்கள்” என்று முந்தைய நாள் தொலைபேசியில் உறுதி கூறினார். என்னோடு வந்த அலுவலக அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று விடிவதற்கு முன் வண்டியிலேயே துறையின் விதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அந்தக் கவுண்டியில் பெண் மானுக்கான நாட்கள் முந்தைய வாரமே முடிந்துபோயிருந்தன. அன்று காலை மூன்று பெண் மான்கள் பரணுக்கு மிக அருகே நின்று நிதானமாக மேய்ந்துவிட்டுப் போயின. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பினோம். வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்திருந்தால் அபராதம் கட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள், காவலர் அல்லர்.

கொம்பு விதி இதைவிட நுணுக்கமானது. இளம் ஆண் மான்களே அளவுக்கு மீறிச் சுடப்பட்டு வந்ததால், 2002-இல் லவாக்கா, ஃபயெட் உள்ளிட்ட ஆறு கவுண்டிகளில் தொடங்கி, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்கு இதை விரிவாக்கினார்கள். அங்கே ஒரு கொம்பாவது கிளை பிரியாமல் இருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளுக்கும் இடையிலான உள் அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். இவ்விரண்டிலும் அடங்காத ஆண் மானைச் சுடுவது சட்டவிரோதம். அரை வெளிச்சத்தில் 13 அங்குலத்தை அளப்பது எப்படி என்று கேட்டேன். “தம்பி, கொம்பையே பார்க்காதே, காதைப் பார்” என்றார் அண்ணன். உஷாராகிக் காதுகளை விடைத்து நிற்கும் மானின் ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறக்குறைய 13 அங்குலம் இருக்கும். இரு கொம்புகளும் கிளை பிரிந்த மானானால், கொம்பின் உட்புறம் அந்தக் காது நுனிகளைத் தாண்டி வெளியே தெரிந்தால்தான் விரலை விசையில் வைக்கலாம். பக்கவாட்டில் நிற்கும் மானிடம் இந்தக் கணக்குச் செல்லாது. நேராகத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் எனக்கு வாய்த்த மான் நேராகத் திரும்பியது, காதுகளுக்கு வெளியே கொம்பு தாராளமாகத் தெரிந்தது.

மான் விழுந்ததும் படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடாமல் டேகைத் தேடுங்கள். காகித டேகில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, நிலத்தின் பெயரையும் கவுண்டியையும் மையால் எழுதி, உடனே மானில் கட்டிவிட வேண்டும். உரிமத்தின் பின்புறம் உள்ள பதிவேட்டையும் நிரப்ப வேண்டும்.

மாநிலத்தின் நிலத்தில் 95 விழுக்காட்டிற்கும் மேல் தனியாருடையது என்பதால் குத்தகைச் செலவு பலருக்கும் கட்டுப்படியாகாது. அவர்களுக்குப் பொது நிலங்களில் வேட்டையாட 48 டாலர் ஆண்டுப் பொது வேட்டை அனுமதி இருக்கிறது. அங்கே 400 சதுர அங்குல ஆரஞ்சு உடை கட்டாயம். தனியார் நிலத்தில் கட்டாயமில்லை என்றாலும் நான் போட்டுக்கொள்கிறேன்.

விசாக்காரர்கள் நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டிய நாள் நவம்பரில் இல்லை. உரிமம் எந்த மாதத்தில் வாங்கியதானாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். அன்று நள்ளிரவு தாண்டியதும், அலமாரியில் பூட்டிய ரைபிளுக்கு நீங்கள் காட்டக்கூடிய விலக்கும் போய்விடும். புதிய ஆண்டின் உரிமங்கள் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. அந்த வாரமே வாங்கிவிடுங்கள்.